ஒலிக்காத வரி

அத்தியாயம் 14

போன வாரம் பெரியவள் தொலைபேசியை வைத்துவிட்டு அவசர அவசரமாக அடுப்பை அணைக்கப் போனாள் அல்லவா? அடுப்பு எரியவே இல்லை. பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது. சும்மா திரும்பினால் நன்றாயிராது என்று குமிழை ஒரு சுற்றுத் திருகி, மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தாள். வீட்டில் யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்காதபோதும் நடிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டாள்.

அது வியாழக்கிழமை சாயங்காலம். இன்றைக்குச் சனிக்கிழமை. நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போக வழியில்லை.

இந்த வாரம்தான் முதல்முறையாக வாசிக்க உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பெரியவளுக்குத் தொழில், பாட்டைத் தட்டச்சு செய்வது. யாராவது காகிதத்தில் கோடு போட்டு, புள்ளி வைத்து, வால் வரைந்து ஒரு பாட்டை அனுப்புவார்கள். அவள் அதைப் பார்த்துக் கணினியில் வெறும் எழுத்தும் எண்ணுமாகத் தட்டுவாள். ஏழே ஏழு ஆங்கில எழுத்து. பெரிய எழுத்து என்றால் கீழே, சின்ன எழுத்து என்றால் மேலே. பக்கத்தில் இரண்டு என்று போட்டால் இரண்டு மடங்கு நீளும். கட்டத்துக்குக் கட்டம் ஒரு நெட்டுக் கோடு. பார்க்கிறவர்களுக்குக் குழந்தை ஏறி விளையாடிய விசைப்பலகை போலத்தான் தெரியும். ஆனால் அதை மென்பொருளிடம் கொடுத்தால் அப்படியே பாட்டாகப் பாடும்.

ஒரு வகை வரி மட்டும் ஒலிக்காது. வரியின் தலையில் சதவீதக் குறியைப் போட்டுவிட்டால் மென்பொருள் அதைத் தாண்டிப் போய்விடும். அது மனிதர்கள் படிப்பதற்கு. அவளுக்கு வேலை தரும் அலுவலகம் அங்கே இரண்டு பெயரைக் கேட்கும்: பாட்டை எழுதியவர் யார், அதைக் காதால் கேட்டவர் யார். எழுதியவரே கேட்டுவிட்டுச் சரி என்று அனுப்பக் கூடாது. எழுதியவர் காதில், தான் எழுத நினைத்ததுதான் விழும். எழுதியது விழாது.

கேட்டவர் என்ற இடத்தில் வழக்கமாக வருவது பெரியவளின் தங்கை. வீட்டில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர். கீழே குண்டூசி விழுந்தாலும் கேட்கும் காது என்பதால் வந்த பெயர். ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும் என்பதால் அப்படியே நிலைத்துவிட்டது. நாளைக்கு ஏழெட்டுப் பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டு, காகிதத்தில் விரலை ஓட்டி, எங்கே பிசகு என்று சொல்லுவாள். இதுவரை கூப்பிட்டபோது போகிற வேலைதான். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அலுவலகத்தில் அவளுக்கென்று ஒரு மேசை போட்டு நிரந்தரமாக உட்கார வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த மேசைக்குத்தான் இப்போது ஆபத்து.

வியாழக்கிழமை தொலைபேசியில் வந்த சேதி இதுதான். பேருந்துப் பணிமனைக்காரர்களின் பாட்டில் தப்பு இருக்கிறது. ஓட்டுநர், நடத்துநர், மெக்கானிக் என்று அறுபது பேர் சேர்ந்து பாடும் பாட்டு. பணிமனையின் ஐம்பதாவது ஆண்டுக்காக அவர்களில் ஒருவரே எழுதியது. அறுபது பேரில் யாருக்கும் இசைக் குறிப்பு படிக்கத் தெரியாது. அதனால் நான்கு குரலையும் நான்கு ஒலிக்கோப்பாகப் பிரித்துக் கொடுத்திருந்தது அலுவலகம். அவரவர் குரலை அவரவர் ஆறு வாரம் காதில் மாட்டிக்கொண்டு மனப்பாடம் செய்தார்கள். ஷிப்டு வேலை என்பதால் எல்லாரும் ஓரிடத்தில் சேர்ந்ததே போன புதன்கிழமைதான். சேர்ந்து வாயைத் திறந்தார்கள். பாதி வரை தேன். அதற்கு மேல் சண்டை.

சனிக்கிழமை பணிமனைக்கு வந்து, கேட்டவர் விளக்கம் சொல்ல வேண்டும், எழுதியவரும் கூட வந்தால் நல்லது என்றார் அலுவலகத்தின் மேலாளர் அம்மா.

வெள்ளிக்கிழமை காலையிலேயே பெரியவள் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டாள். தப்பைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பாட்டு பாதி வழியில் சுருதி மாறி ஒரு படி ஏறுகிறது. ஏறுகிற இடத்தில் நான்கு குரலுக்கும் தனித்தனியாக அதை எழுத வேண்டும். மூன்று குரலுக்கு எழுதியிருந்தாள். அடிக்குரலுக்கு மறந்துவிட்டாள். அதனால் அங்கிருந்து இருபத்திரண்டு கட்டம், மற்றவர்கள் ஏற்றிப் பாடும் இடத்திலெல்லாம் அடிக்குரல் மட்டும் ஏறாமல் கிடக்கும். வேடிக்கை என்னவென்றால், அடிக்குரலைத் தனியாகக் கேட்டால் ஒரு குறையும் சொல்ல முடியாது, நன்றாகவே இருக்கும். நான்கையும் சேர்த்துப் போட்டால்தான் வண்டவாளம் தெரியும்.

சேர்த்துப் போட்டுக் கேட்பதுதான் குண்டூசியின் வேலை. அவள் கேட்டிருந்தால் அரை நொடியில் பிடித்திருப்பாள். அவள் கேட்கவில்லை. அந்தப் பாட்டு அவளிடம் போகவே இல்லை. கேட்டவர் என்ற இடத்தில் தங்கையின் பெயருக்கான இரண்டு குறியெழுத்தைப் பெரியவளே தட்டி அனுப்பிவிட்டாள்.

ஏன் அனுப்பினாய் என்று கேட்டால் அவளிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. அந்த வாரம் தங்கைக்கு ஜலதோஷம், பாவம், தொந்தரவு கொடுக்க வேண்டாமென்று நினைத்தேன் என்பது. இந்தப் பதிலைத் தனக்குத் தானே இருபது தடவையாவது சொல்லிக்கொண்டாள். இருபது தடவையும் அது பொய்யாகவே இருந்தது.

உண்மை அதற்கு முந்தைய வாரம் நடந்தது. பெரியவள் எழுதிய ஒரு பாட்டில் பதினொரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டாள் குண்டூசி. அலுவலகத்தில் எல்லார் கையிலும் தேநீர் இருக்கும் நேரத்தில், பதினொன்றையும் ஒவ்வொன்றாகப் பாடிக் காட்டினாள். எப்படிப் பாட வேண்டும், அக்கா எப்படி எழுதியிருக்கிறாள் என்று. எல்லாரும் சிரித்தார்கள். பெரியவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அடுத்த நான்கு நாள், இவள் கேட்காமல் ஒரு பாட்டாவது என் கையை விட்டுப் போகட்டும் என்று இருந்தது அவளுக்கு. நாற்பத்திரண்டு வயதில், மூத்தவளாகப் பிறந்தவளுக்கு, இப்படி ஒரு அற்பமான ஆசை.

இதற்கே தலை நிமிர முடியாது. இதற்கு மேலும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குண்டூசி தொலைபேசியில் கூப்பிட்டாள். காது டாக்டரிடம் போகப் போகிறேன், குழந்தையை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள் என்றாள். எதற்கு டாக்டர் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவளே சொன்னாள். அந்தப் பாட்டைக் கேட்ட ஞாபகமே எனக்கு இல்லை, ஆனால் நான் கேட்டதாக எழுதியிருக்கிறது, அப்படியென்றால் காதில் ஏதோ கோளாறு என்றாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, எதற்கும் காட்டிவிடுவது நல்லதுதான் என்றாள் பெரியவள். தங்கை காதுக்குச் சோதனை செய்துகொண்டிருந்த இரண்டு மணி நேரமும், தங்கையின் குழந்தைக்கு இங்கே கதை சொல்லி விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள்.

*

சனிக்கிழமை காலை அவள் எழுந்தபோது கூடத்தில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் கணவர்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். பாட்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே அடிக்குரலில் எதையோ முனகிக்கொண்டிருந்தார்.

பெரியவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அது பணிமனைப் பாட்டு. அந்த இருபத்திரண்டு கட்டம். தப்பு மாறாமல் அப்படியே.

நீங்கள் எங்கே இதைக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் சுவருக்கு அந்தப் பக்கம் நீ போட்டுப் போட்டுக் கேட்டாயே, எனக்கும் ஒட்டிக்கொண்டது, இப்போது லிஃப்டு ஏறும்போதெல்லாம் இதுதான் வருகிறது என்றார் அவர். சரியாகப் பாடுகிறேனா என்று வேறு கேட்டார்.

"நல்லாத்தான் பாடறீங்க," என்றாள் பெரியவள்.

அவர் சந்தோஷமாகக் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கதவருகில் போனவர் திரும்பிப் பார்த்து, குண்டூசிக்கு ஒன்றும் ஆகாது, நீ கூடப் போகிறாய் அல்லவா, நீ பேசினால் கேட்பார்கள் என்றார். அந்தப் பேச்சு அவளுக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது.

அவர் போன பிறகு கணினி முன்னால் உட்கார்ந்தாள். விட்டுப்போன வரியை அடிக்குரலில் சேர்த்தாள். நான்கு குரலையும் சேர்த்துப் போட்டாள். சண்டை இல்லை. பாட்டு தடையில்லாமல் ஏறியது. எவ்வளவு நல்ல பாட்டு என்பது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது. எழுதும்போது தெரியவில்லை, ஏனென்றால் எழுதும்போது அவள் மனமெல்லாம் தங்கைமேல் இருந்தது.

கண் மேலே போயிற்று. சதவீதக் குறி போட்ட வரி. கேட்டவர் என்பதற்குப் பக்கத்தில் தங்கையின் இரண்டு எழுத்து. சுட்டியை அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். அழித்தால் இங்கே அழியும். அலுவலகத்தில் இருக்கிற பிரதியில் அழியாது. அது தெரிந்தும் விரல் அழிக்கும் விசை மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது. இவ்வளவுதானா நான் என்று தோன்றியது அவளுக்கு. கணினியை அப்படியே மூடிவிட்டு எழுந்தாள்.

*

ஒன்பது மணிக்குக் குண்டூசி வந்தாள். ராத்திரி தூங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. இருவரும் பேருந்தில் ஏறி, பின்பக்கத்து நீள இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

 குண்டூசி இடது காதை விரலால் அடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். பிறகு அதை விட்டு வலது காதை அடைத்துக்கொண்டாள். பேருந்தின் சத்தம் இரண்டு காதிலும் ஒரே மாதிரி விழுகிறதா என்று பார்க்கிறாள் என்பது பெரியவளுக்குப் புரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் என்ன சொன்னார் என்று, நேற்றுக் குழந்தையைத் தூக்கிப்போக அவள் வந்தபோது கேட்காததை, கடைசியில் கேட்டாள். கேட்காமல் இருந்தாலும் தப்பாகத் தெரியுமே.

குண்டூசி பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். காதுக்கு ஒன்றாக இரண்டு கோடு, பக்கத்தில் பக்கத்தில், ஏற்ற இறக்கமில்லாமல் போயின.

"ஒண்ணுமே இல்லன்னு சொல்றாரு. இருபது வயசுப் பொண்ணோட காது மாதிரி இருக்காம்."

"அப்புறம் என்ன?"

"அந்த மெஷின்ல பீப் பீப்னு சத்தம் விட்டுக் கேக்குதா கேக்குதான்னு கேக்கறாங்க அக்கா. அது யாருக்குத்தான் கேக்காது. பாட்டுல பிசகு கேக்கறது வேற. அது எனக்குப் போயிடுச்சு போல." காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். "டாக்டரை நம்பறதா, கேட்டவர்னு நீ என் பேரை எழுதினதை நம்பறதா? நீ சும்மா எழுதுவியா?"

பெரியவள் மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். அவள் மடியிலிருந்த கையைக் குண்டூசி எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். தைரியம் வேண்டியிருந்தது தங்கைக்கு.  உனக்கு ஏன் இப்படி வேர்க்கிறது என்று கேட்டுவிட்டு அவளே, எனக்காகப் பயப்படாதே, இந்த வேலை இல்லாவிட்டால் வேறு ஒன்று என்றாள்.

நேற்று ராத்திரியே மேலாளர் அம்மாவிடம் பேசிவிட்டேன் என்றும் சொன்னாள். தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன், அந்த மேசையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாளாம்.

இறங்க வேண்டிய இடத்துக்கு இன்னும் மூன்று நிறுத்தம் இருந்தது. மூன்று நிறுத்தத்தில் ஒரு வாக்கியம் சொல்ல முடியாதா? முதல் நிறுத்தத்தில் ஒரு கூட்டம் ஏறியது. இத்தனை பேருக்கு நடுவில் எப்படி என்று நினைத்தாள். இரண்டாவதில் கூட்டம் இறங்கியது. இப்போது பேருந்து இவ்வளவு அமைதியாக இருக்கிறதே என்று நினைத்தாள். மூன்றாவதில் இருவரும் இறங்கிவிட்டார்கள்.

*

பணிமனையில் பேருந்து கழுவும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு நீள அறை. சுவரில் வழித்தட அட்டவணை. எண் போட்ட ஆணிகளில் வண்டிச் சாவிகள். டீசல் வாசனையும் ஈரத் தரையும். அறுபது பேர் நான்கு கும்பலாக நின்றிருந்தார்கள். அடிக்குரல்காரர்களைத் தனியாகக் காட்ட வேண்டியதில்லை. எல்லாம் வாட்டசாட்டமான ஆட்கள். அவர்களுக்குத் தலைவர் போலிருந்தவருக்குப் பெரிய மீசை. குற்றம் செய்தவர்கள் மாதிரி அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதுவே பெரியவளுக்கு முதல் அடி.

பாட்டை எழுதியவர் அங்கே உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர். எல்லாரும் ஸ்டோர்காரர் என்று கூப்பிட்டார்கள். காதோரம் பென்சில் செருகியிருந்தார். கையில் அவருடைய பாட்டு. உதிரிபாகம் கேட்டு எழுதிக் கொடுக்கும் படிவங்களின் பின்பக்கத்தில், அளவுகோல் வைத்துக் கோடு போட்டு எழுதியது. பெரியவள் இரண்டு மாதம் முன்பு பார்த்துத் தட்டச்சு செய்தது இதன் நகலைத்தான். மறுபக்கம் படிவமாக இருக்குமென்று அவளுக்குத் தெரியாது.

மேலாளர் அம்மா நோட்டோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அக்காவும் தங்கையும் அதே பெஞ்சில் உட்கார்ந்ததும், முதலில் ஒருமுறை பாடிக் காட்டட்டும் என்றார்.

பாடினார்கள். பாதி வரை அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு அந்த இடம் வந்தது. மூன்று குரல் ஏறியது. அடிக்குரல் மட்டும் அங்கேயே நின்று, ஆறு வாரம் ஒழுங்காக மனப்பாடம் செய்த நம்பிக்கையோடு, முழுத் தொண்டையில் தப்பாகப் பாடியது. பெரிய மீசைக்காரர் கண்ணை மூடிக்கொண்டே பாடினார். சுருதி கெட்டது காதில் விழ விழ அவர் குரல் குறைந்துகொண்டே வந்து கடைசியில் நின்றுபோயிற்று.

 ஸ்டோர்காரர்தான் முதலில் பேசினார்.

"யாரையும் குத்தம் சொல்ல வரலம்மா. விழாவுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கு. இவங்க வண்டியை டிப்போவுக்குத் திருப்பிக் கொண்டு வர்ற வழியெல்லாம் பாடிப் பாடிப் பழகிட்டாங்க. இனிமே மறக்கச் சொன்னா எப்படி மறப்பாங்க. அந்த இருபத்திரண்டு கட்டத்தை எடுத்துட்டா மீதி நல்லாத்தான் இருக்கு. எடுத்துடலாம்."

அது என்ன இடம் என்று மேலாளர் அம்மா கேட்டார்.

காலையில் முதல் வண்டி வெளியே போகிற இடம் என்றார் அவர். அங்கிருந்துதான் இந்தப் பாட்டை ஆரம்பித்தேன், மற்றதெல்லாம் அதற்கு முன்னாலும் பின்னாலும் பிறகு சேர்த்தது என்றார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. எந்த அலமாரியில் எந்தச் சாமான் இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

குண்டூசி எழுந்து நின்றாள்.

"எடுக்காதீங்க சார். தப்பு உங்களோடதும் இல்ல, இவங்களோடதும் இல்ல. நாலு குரலையும் சேத்துக் கேட்டுச் சரின்னு சொல்லியிருக்க வேண்டியவ நான். என் காதுல விழல. எனக்கு ஞாபகம்கூட இல்ல. இனிமே இந்த வேலையைச் செய்யறதா இல்லன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். இந்தப் பாட்டை மட்டும் வெட்டாதீங்க."

மேலாளர் அம்மா நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, நிமிர்ந்து, முறைக்காகக் கேட்பது போலப் பெரியவள் பக்கம் திரும்பி, எழுதியவர் என்ற முறையில் நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

"இல்லைங்க," என்றாள் பெரியவள்.

நானும் எவ்வளவோ எழுதிவிட்டேன். இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கே கை கூசுகிறது. ஆனால் அவள் அப்படித்தான் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையைச் சரிசெய்தாள்.

மேலாளர் அம்மா நோட்டை மூடினார். குண்டூசி அக்காவைப் பார்த்தாள். அக்கா முகம் வெளுத்திருப்பதைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க. எழுதறவங்களுக்குத் தப்பு வரத்தான் செய்யும். அதுக்குத்தானே கேக்கறதுக்கு ஒரு ஆளு வச்சிருக்கு," என்றாள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் பெரியவளால் முடியவில்லை. எழுந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதி நின்றாள்.

"அது அவகிட்ட போகவே இல்ல," என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. எது போகவில்லை என்றார் மேலாளர் அம்மா.

"இந்தப் பாட்டு. அவ கேக்கறதுக்கு நான் அனுப்பவே இல்ல. கேட்டவர்னு அவ எழுத்தை நானே போட்டு உங்களுக்கு அனுப்பிட்டேன். அவமேல எனக்குப் பொறாமை. அதான் காரணம், வேற ஒண்ணும் இல்ல. அவ காதுக்கு ஒண்ணும் ஆகல."

 பெரியவளுக்கு நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்கத் துணிவில்லை. ஈரத் தரையில் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குண்டூசி கேட்ட முதல் கேள்வி அவள் எதிர்பார்த்தது அல்ல.

"அப்ப என் காது நல்லாத்தான் இருக்கா?"

பெரியவள் தலையாட்டினாள். தங்கையின் முகத்தில் ஒரு கணம், ஒரே ஒரு கணம், அப்படி ஒரு நிம்மதி வந்தது. இரண்டு நாளாகச் சுமந்ததை இறக்கி வைத்துவிட்டுச் சிரிக்கக்கூடப் பார்த்தாள். சிரிப்பு பாதி வழியில் நின்றது. மனதுக்குள் எதையோ கணக்குப் பார்ப்பது தெரிந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை காலையில."

"நான் டாக்டர்கிட்ட போறேன்னு போன் பண்ணினது மத்தியானம்."

"ஆமா."

"காட்டிடறது நல்லதுன்னு சொன்ன."

  குண்டூசி பையிலிருந்த அந்தக் காகிதத்தை எடுத்தாள். கிழிப்பாளோ என்று தோன்றியது. கிழிக்கவில்லை. பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பத்திரமாக உள்ளே வைத்தாள். பிறகு அக்காவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஸ்டோர்காரரிடம் அந்தப் படிவங்களைக் கேட்டு வாங்கினாள்.

அடிக்குரல்காரர்கள் முன்னால் போய் நின்று, அந்த இருபத்திரண்டு கட்டத்தையும் எப்படி இருக்க வேண்டுமோ அப்படிப் பாடிக் காட்டினாள். அவ்வளவு பெரிய ஆட்களுக்கு முன்னால் அவ்வளவு சின்ன உருவம். படிவத்திலிருந்து கண்ணை எடுக்காமல், ஒவ்வொரு ஏற்றத்தையும் கையால் காட்டினாள். குரல் ஒரே ஓரிடத்தில் மட்டும் உடைந்தது. அந்தக் கட்டத்தை மறுபடி முதலிலிருந்து பாடினாள்.

பெரிய மீசைக்காரர் இன்னொரு தடவை என்றார். இன்னொரு தடவை பாடினாள். வழக்கமாகப் போகிற ரோட்டை அடைத்துவிட்டு வேறு வழியில் விட்டால் அன்றைக்கே பழகிக்கொள்கிறோம், இது என்ன பிரமாதம், எட்டு நாள் இருக்கிறது என்றார் அவர் மற்றவர்களிடம். இரண்டு பேர் சிரித்தார்கள். மீதிப்பேர் அவள் பின்னாலேயே முனகத் தொடங்கினார்கள். முதல் தடவை பாதிப் பேர் ஏறினார்கள், பாதிப் பேர் பழைய இடத்திலேயே நின்றார்கள். ஸ்டோர்காரர் காதோரத்துப் பென்சிலை எடுத்தார், எதையும் வெட்டவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

பெரியவளுக்குப் போவதா நிற்பதா என்று தெரியவில்லை. கதவு நாலடி தூரத்தில் இருந்தது. அங்கே உட்கார அவளுக்கு இனி உரிமையில்லை என்று தோன்றியது. எழுந்து போகவும் உரிமையில்லை என்று தோன்றியது. பெஞ்சின் ஓரத்தில் அப்படியே இருந்தாள். மேலாளர் அம்மா அவள் பக்கமே திரும்பவில்லை. திட்டியிருந்தாலாவது நன்றாயிருந்திருக்கும்.

மூன்றாவது தடவை பாடி முடித்து அவர்கள் மூச்சு வாங்கியபோது, குண்டூசி படிவத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இது ஒண்ணுதானா?"

அறையில் எல்லாருக்கும் கேட்டது. யாரிடம் கேட்கிறாள் என்பதும் எல்லாருக்கும் தெரிந்தது.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். ஒருத்தி ஒருநாளில் எத்தனை முறைதான் தன்னைத் தானே அவமானப்படுத்திக்கொள்வாள்? கேட்டவர் என்ற வரியை யாரும் திரும்பப் போய்ப் பார்க்கப் போவதில்லை. இதைப் பற்றி இதுவரை உங்களிடம்கூட அவள் மூச்சு விடவில்லை.

"இல்ல," என்றாள் பெரியவள். "இன்னும் மூணு."

மேலாளர் அம்மா முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். மூன்றும் அனுப்பப்பட்டுவிட்ட பாட்டுகள். மூன்று ஊரில் மூன்று கூட்டம் இந்நேரம் அவற்றைக் காதில் மாட்டிக்கொண்டு, சரியா தப்பா என்று தெரியாமல், வரி வரியாக மனப்பாடம் செய்துகொண்டிருக்கும்.

குண்டூசி ஸ்டோர்காரரின் கையிலிருந்த பென்சிலை வாங்கினாள். கையில் வேறு காகிதம் இல்லை. பையிலிருந்து டாக்டரின் காகிதத்தை எடுத்துப் பின்பக்கம் திருப்பினாள்.

"அந்தப் பாட்டுங்களோட நம்பரைச் சொல்லு. எழுதிக்கறேன்."

பிறந்ததிலிருந்து, பேச்சில் ஒரு தடவையாவது அக்கா என்று சேர்க்காமல் அவள் இவளிடம் பேசியது அன்று அந்த அறைக்குள்தான். பெரியவள் மூன்று எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.